கூந்தற்பனைத் தாம்பூலம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர், எந்த நாடு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. வெற்றிலைப் பிரியர் என்பது மட்டும் தெரியும். சாப்பாடு இல்லாமல் இருப்பார், தாம்பூலம் இல்லாமல் இருக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் ஆசை வந்தது. தன் கையால் கமுகந்தோப்பு வைத்து, அந்தப் பாக்கையே மெல்ல வேண்டுமாம்.

தோட்ட அதிகாரி தாண்டவராயர் எங்கிருந்தோ ஒரு கூடை விதை கொண்டுவந்தார். ராஜா மேளதாளத்தோடு ஊன்றினார், தங்கச் செம்பால் தண்ணீர் ஊற்றினார். சில வருஷம் கழித்துப் பார்த்தால் தோப்பு முழுக்க முள். வந்தது கமுகு இல்லை, ஈச்சை! தடவிப் பார்க்கப் போன ராஜாவின் விரலில் முள் நறுக்கென்று ஏறியது. கூட இருந்தவர்கள் எல்லாம் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். சபையின் விகடகவி பிச்சாண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

ராஜாவின் முகம் கறுத்தது. தாண்டவராயர் தன் தலை தப்ப இதுதான் சமயம் என்று பார்த்தார். சிரித்தவருக்கு விதை சாஸ்திரம் தெரியும் போலிருக்கிறது, சோதித்துப் பார்க்கலாமே என்று பணிவாக எடுத்துக் கொடுத்தார்.

"நல்ல யோசனை" என்றார் ராஜா. "பிச்சாண்டி, நாளைச் சபையில் பனைச் சாதி விதைகளைத் தட்டில் வைப்போம். சாயங்கால மணி அடிப்பதற்குள் ஒவ்வொரு விதைக்கும் உரிய மரத்தின் பெயர் இந்தச் சபையில் ஒலிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் நீர் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும்."

பிச்சாண்டி வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மனைவி உண்ணாமலை அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் செங்கமலம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்று நிறைமாதம்.

"இவளை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு காடு மேடெல்லாம் அலைஞ்சா புள்ளை வழியிலயே பொறந்துடும்" என்றாள். "அந்த வாயை ஒரு நாளாவது சும்மா வெச்சிருக்கக் கூடாதா?"

ஊரைச் சிரிக்க வைத்தவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெண்ணைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

அங்கே தாண்டவராயர் என்ன செய்தார் தெரியுமா? கூந்தற்பனை இருக்கிறதே, கல்யாணப் பந்தல் வாசலில் குலை குலையாகக் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்த மரத்துப் பழத்தைக் கொண்டுவந்தார். அந்தப் பழத்தின் சதை பட்டால் கை அரித்துத் தள்ளும். ஆனால் வேலைக்காரனை விட்டு உரித்தால் ரகசியம் வெளியே போய்விடுமே! தானே மாட்டுக்கொட்டிலில் குந்தி உரித்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், அடுப்பில் வாட்டினார். பெற்ற தாயே பார்த்தாலும் பாக்கு என்றுதான் சொல்லுவாள். அவ்வளவு அசல்.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் சபை கூடியது. தட்டு வந்தது. தேங்காய்க்கும் பனங்கொட்டைக்கும் பிச்சாண்டி யோசிக்கவே இல்லை. கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக ஒன்று இருந்தது. ஆண்டிகள் மாலை கோத்துப் போடுகிற தாளிப்பனை என்றான். மெலிந்து நீண்ட கொட்டையை எடுத்து, "இதை மகாராஜாவின் விரலே சொல்லும், ஈச்சை" என்றான். ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது.

கடைசி விதை. பாக்கு என்று சொல்லப் பிச்சாண்டி வாயைத் திறந்தவன், தாண்டவராயரைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டான். மனிதர் இரண்டு கையையும் அங்கவஸ்திரத்துக்குள் விட்டுக்கொண்டு பறட் பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தார். இந்தக் கொட்டையில் ஏதோ சூது இருக்கிறது என்று பிச்சாண்டிக்குப் பட்டது. பாக்கு இல்லை, சரி. பிறகு எந்த மரம்? அதுதான் தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் செங்கமலம் நாளைக்கு வண்டியில்.

அவன் ராஜாவின் வெற்றிலைத் தட்டைக் கேட்டு வாங்கினான். நல்ல கொழுந்து வெற்றிலையாக எடுத்துச் சுண்ணாம்பு தடவினான். அந்த விதையைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கிச் சீவலாக்கி, மடித்து, தாண்டவராயர் முன்னால் போய் நின்றான்.

"எனக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு மரியாதை."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் தட்டிலிருந்து வந்த தாம்பூலத்தை மறுப்பது ராஜாவையே மறுப்பதற்குச் சமம். வாங்கினால் அங்கேயே போட்டுக்கொள்ள வேண்டும். தாண்டவராயர் நகரவில்லை. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கட்டியது.

"வாங்கிக்கொள்ளும், தாண்டவராயரே" என்றார் ராஜா.

வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். அதற்கு மேல் முடியவில்லை.

"மகாராஜா, மன்னிக்க வேண்டும். இது பாக்கு இல்லை, கூந்தற்பனை! கைக்கே இந்தக் கதி, வாயில் போட்டால் என்ன ஆவேன்?"

சாயங்கால மணி அடித்தது. பிச்சாண்டி கைகட்டிக் குனிந்தான்.

"பெயர் சபையில் ஒலித்துவிட்டது, மகாராஜா. யார் வாயிலிருந்து ஒலிக்க வேண்டும் என்று தங்கள் கட்டளையில் இல்லை."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். தாண்டவராயரை எல்லைக்கு அப்பால் அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

"வேண்டாம், மகாராஜா. அவர் வீட்டிலும் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இனி எந்த விதை ஊன்றினாலும் முதலில் அவர் கடித்துக் காட்டட்டும், போதும்."

"தேங்காயையுமா?"

"தேங்காய்க்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்."

அன்றைக்கே செங்கமலத்துக்குத் தாய் வீட்டிலேயே ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற நாளில் ராஜா வெள்ளித் தொட்டில் அனுப்பினார். தாண்டவராயரும் வந்திருந்தார். உண்ணாமலை நீட்டிய தாம்பூலத்தை வாங்கி, பாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். பிச்சாண்டி அருகே வந்து, அதில் பாதியை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று காட்டினான். அதன் பிறகே தாண்டவராயர் மீதியைப் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் வாயும் ஒன்றாகச் சிவந்தது.