ஏழாவது முள்

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் முள்ளை அம்புபோல் எறியும் என்று பலர் நம்புகிறார்கள். நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். இது பெரும்பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் போவது முறையாகாது. முள்ளம்பன்றியால் எதையும் எறிய முடியாது. மேலே வந்து மோதுகிறவன் உடம்பில் முள் குத்தி நிற்கும். அங்கேயே கழன்றும் விடும். தானாக ஒரு முள்ளைக் கொடுக்க வேண்டுமானால், அது கழுத்தைத் திருப்பி, பல்லால் கடித்துப் பிடுங்கித்தான் கொடுக்க வேண்டும். அது வலிக்கும். மறுபடி முளைக்க மாதக்கணக்கில் ஆகும்.

மலைமேல் ஒரு சோலைக்காடு. அங்கே உச்சி வேளையிலும் வெயில் தரையைத் தொடாது. அந்தக் காட்டில் ஒரு நாவல் மரத்தடிப் பொந்தில் நெடுங்கண்ணி என்ற தேவாங்கு உப்புக் கடை வைத்திருந்தாள். ஒரு கட்டி உப்புக்கு விலை ஒரு முள். வேறு எதையும் அவள் வாங்க மாட்டாள். செடி முள் அவளுக்கு ஆகாது, நீளமான உறுதியான முள் முள்ளம்பன்றியிடம்தான் உண்டு என்பதால், மற்ற விலங்குகள் உதிர்ந்த முள்ளைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வரும்.

முள் எதற்கு? வேலிக்கு. நெடுங்கண்ணிக்கு இரட்டைக் குட்டிகள். இன்னும் மரம் ஏறத் தெரியாதவை. பொந்தின் வாயைச் சுற்றி அவள் முள்வேலி நட்டுக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பது முள் வேண்டும்.

வேலி எதற்கு? மூடுபனி மாதத்தில் பனியோடு ஒன்று வரும். அதற்குப் பெயர் கிடையாது. அதைப் பற்றி மூன்று செய்திகள் மட்டும் உறுதியாகத் தெரியும். அது சின்னக் குட்டிகளை மட்டுமே எடுக்கும். முள் இருக்கும் இடத்தில் நுழையாது. மிகவும் மரியாதையாகப் பேசும். போன வருடம் அணிலின் பொந்துக்கு வந்தது. மறுநாள் பார்த்தபோது பொந்து இருந்தது, மெத்தைப் பஞ்சு இருந்தது. பஞ்சு முழுக்க ஈரம்.

ஒரு நாள் மதியம் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி கடைக்கு வந்தான். கூடவே அவன் கூட்டாளி மரநாயும் வந்தது.

"அக்கா, ஏழு கட்டி குடு! பனி மாசம் முழுக்க வெளியே வரமாட்டேன்."

நெடுங்கண்ணியின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின. "ஏழா! தம்பி, நீ நல்லா இருக்கணும். முப்பத்து மூணு முள் நட்டுட்டேன். இன்னும் ஏழுதான் பாக்கி. இன்னிக்கே வேலியை மூடிடலாம்!"

அவள் கட்டிகளை ஒரு இலையில் அள்ளி வைத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, விரலால் தடவி எண்ணினாள். எப்போதும் அப்படித்தான் எண்ணுவாள். கண் ஏமாந்துவிடும், விரல் ஏமாறாது என்பது அவள் கொள்கை. கொள்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் காற்றில் ஈரம் ஏறியிருந்தது. ஈரத்தில் உப்பு வியர்க்கும். வியர்த்த இரண்டு கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"...நாலு, அஞ்சு, ஆறு." அவள் கண்ணைத் திறந்தாள். "ஆறுதான் இருக்கு, தம்பி. கடையில இருந்ததே அவ்வளவுதான் போல. ஆறு முள் குடு."

சிலுப்பன் இலையைப் பார்த்தான். ஒட்டியிருந்த இரண்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தன. வாயைத் திறந்தான். மரநாய் அவன் காலை மிதித்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஆறு முள்ளைப் பிடுங்கிக் கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் கண்ணில் நீர் வந்தது.

நெடுங்கண்ணி ஆறையும் நட்டாள். வேலியின் கடைசியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து மிச்சம் இருந்தது. "ஒண்ணுதானே குறையுது? நாளைக்கு யாராவது வருவாங்க. பனிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றாள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள்.

"எதுக்குடா என் காலை மிதிச்சே?" என்றான் சிலுப்பன்.

"பின்னே? ஒரு முள் மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கேன், அண்ணே! அந்த இனாம் கட்டியில பாதி எனக்கு."

"அது ஏழு கட்டிடா."

"நீயா ஆறுன்னு சொன்னே? அவதான் சொன்னா. கடைக்காரி சொன்ன விலையைக் குடுத்தே. இதுல உன் தப்பு எங்கே இருக்கு?"

"அந்தச் சந்து..."

"ரெண்டு விரல் சந்து! அதுல எறும்புகூட யோசிச்சுத்தான் நுழையும். பேசாம நட, அண்ணே."

சிலுப்பன் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் தவளைகள் கத்துவது நின்றது. பிறகு சில்வண்டுகளின் இரைச்சலும் நின்றது. மரங்களுக்கு நடுவே பால் கொட்டியதுபோல் பனி இறங்கியது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.

மரநாய் பக்கத்து மரத்தில் ஏறி மறைந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிய குரல். உடம்பு சரியில்லாதவரை நலம் விசாரிக்கும் குரல்.

"வணக்கங்க. உப்புக் கடைக்கு இந்த வழிதானுங்களே?"

சிலுப்பனின் முட்கள் எல்லாம் எழுந்து நின்றன. "ஆ... ஆமா."

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். வேலியை மூடிட்டாங்களா?"

"மூடிட்டாங்க!"

"ரொம்ப சந்தோஷங்க. எதுக்கும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துட்டுப் போயிடறேன்."

அது அவனைக் கடந்து போனது. காலடிச் சத்தம் இல்லை. போன வழியில் புல் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஈரமாகக் கிடந்தது.

முள் உள்ளவனை அது ஒன்றும் செய்யாது. சிலுப்பன் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் அவனைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் ஒரு கணம் நின்றான். பிறகு உப்பைக் கீழே போட்டுவிட்டு, குறுக்கு வழியில் புதருக்குள் புகுந்து ஓடினான்.

நாவல் மரத்தடிக்கு வந்தபோது வேலியின் அந்தக் கோடியில் எண்ணிக்கை தொடங்கிவிட்டிருந்தது. ஏதோ ஒன்று ஒவ்வொரு முள்ளாகத் தடவிக்கொண்டே வந்தது.

"பதினேழு... பதினெட்டு... அழகா நட்டிருக்காங்க... பத்தொன்பது..."

ஒரு முள்ளைப் பிடுங்கி நட நேரம் இல்லை. சிலுப்பன் ஓடிப்போய்ச் சந்தில் மூக்கை வைத்து அழுத்தினான். முதுகை வெளிப்பக்கம் வைத்து முட்களை விரித்து நின்றான். உள்ளே இருட்டில் ஆறு கண்கள் அவனைப் பார்த்தன. இரண்டு பெரியவை, நான்கு சின்னவை. ஒன்றும் இமைக்கவில்லை.

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது..."

ஈரமான ஏதோ ஒன்று அவன் முதுகில் பட்டது.

"நாற்பது" என்றது குரல். "நாற்பத்தொண்ணு. நாற்பத்திரண்டு. இங்கே கொஞ்சம் அதிகமாவே இருக்கே."

அது அவன் முட்களை எண்ண ஆரம்பித்தது. ஒன்றையும் விடவில்லை. நூறு வந்தது. இருநூறு வந்தது. சிலுப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். ஒவ்வொரு முள்ளின் அடியிலும் குளிர் இறங்கியது. அன்று பிடுங்கிய ஆறு முட்களின் காலிக் குழிகளுக்கு அது வந்தபோது மட்டும், அங்கே சற்று அதிக நேரம் தடவியது.

பிறகு, "இடம் இல்லைங்க. வர்றேன்" என்றது.

வெகுநேரம் கழித்து ஒரு தவளை கத்தியது. பனி கலைந்தது.

நெடுங்கண்ணி வெளியே வந்தாள். "தம்பி! எங்களுக்காகத் திரும்பி வந்தியே! இந்தக் காட்டுல உன்னை மாதிரி யார் இருக்கா? இனிமே உனக்கு என் கடையில விலையே கிடையாது!"

சிலுப்பன் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால், அந்தக் காட்டின் வீரன் என்ற பெயரோடு வாழ்ந்திருப்பான். அவன் கழுத்தைத் திருப்பினான். ஒரு முள்ளைக் கடித்துப் பிடுங்கினான். அவள் முன்னால் வைத்தான்.

"இது எதுக்கு?"

"ஏழாவது முள், அக்கா. ரெண்டு கட்டி ஒட்டிக்கிட்டு இருந்தது. நீ ஆறுன்னு எண்ணினே. உண்மையில ஏழு."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தப்பதான் தெரிஞ்சுதா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரே சொல்தான்.

"இல்லை, அக்கா. நீ எண்ணும்போதே தெரியும்."

உள்ளே ஒரு குட்டி மெல்ல முனகியது. நெடுங்கண்ணி முள்ளை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தில் நட்டாள். சரியாகப் பொருந்தியது.

"சரி, போ. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போய்ச் சேரு" என்றாள்.

கடைக்காரர் குறைத்து எண்ணும்போது சரியான எண்ணிக்கை நமக்குத் தெரிந்தால், அதை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு சிலுப்பன் உப்பு வாங்க வந்தால் மட்டும் நெடுங்கண்ணி கண்ணைத் திறந்துகொண்டு இரண்டு முறை எண்ணினாள்.