தாய்மாமன் வராத காதுகுத்து

ஓடைக்கரையில் ஒரு மருதமரப் பொந்தில் அல்லியம்மை என்ற சருகுமான் தன் மகளோடு வாழ்ந்தாள். சருகுமான் உண்மையில் மானே அல்ல என்று படித்தவர்கள் சொல்வார்கள். முயலளவே இருந்த அல்லியம்மைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது.

மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவள் தம்பி குறிஞ்சனோ வரவே இல்லை. காத்திருந்து அலுத்த மரங்கொத்தி, குட்டியை ஒரு வேர்மேல் உட்கார வைத்துக் குத்திவிட்டுப் போயிற்று.

"நேரில் அழைக்காமல் மைனாவிடம் சொல்லி அனுப்பினாளே" என்று தம்பிக்குக் கோபம். "சொந்த மருமகள் காதுகுத்துக்கு அழைப்பு வேறு வேண்டுமா?" என்று அக்காவுக்குக் கோபம். பேச்சு நின்றுபோயிற்று.

செய்தி ஒரு நரிக்கு எட்டியது. குறிஞ்சன் நன்றாகக் கொழுத்தவன். அவன் ஒளிந்து வாழும் இடமோ நரிக்குத் தெரியாது; அக்காவுக்குத் தெரியும். நரி பொந்தின் வாசலில் வந்து பணிவாக உட்கார்ந்தது. வாசல் குறுகல், அதன் தலை உள்ளே நுழையாது.

"தங்கச்சி, கேள்விப்பட்டேன். மனசே ஆறவில்லை."

"எனக்கும்தான் அண்ணே. வீம்பு பிடித்தவன்."

"வீம்பு மட்டுமா? சோம்பேறி."

"சோம்பேறிதான். சின்ன வயதில் பழத்தைக்கூட நான் கடித்துத் தந்தால்தான் தின்பான்."

"பயந்தாங்கொள்ளி!"

"சருகு அசைந்தால் போதும், என் வயிற்றுக்கடியில் வந்து ஒண்டிக்கொள்வான்."

அல்லியம்மையின் குரல் இளகியிருந்தது. நரி அதைக் கவனிக்கவில்லை.

"இடத்தை மட்டும் சொல். நான் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்."

"ஓடைக்கு அந்தப் பக்கம்..." என்று அல்லியம்மை தொடங்கினாள்.

மகிழ்ச்சியில் நரி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டது. "எப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையோ!"

அல்லியம்மை மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சித்தப்பா மகன், பெரியம்மா மருமகள், சகலை, சம்பந்தி என்று காட்டிலுள்ள உறவெல்லாம் நரிக்கு மனப்பாடம். இந்த இருவரையும் பெற்றவள் ஒருத்தியே என்பது மட்டும் அந்த நேரத்தில் அதற்குத் தோன்றவில்லை.

"ஓடைக்கு அந்தப் பக்கம், புற்றுக்குப் பின்னால் ஒரு வளை இருக்கிறது அண்ணே," என்றாள் அல்லியம்மை. "தலையை நன்றாக உள்ளே விட்டுக் கூப்பிடுங்கள். அவனுக்குக் காது மந்தம்."

அது முள்ளம்பன்றியின் வளை. நரியின் அலறல் காடெங்கும் கேட்டது.

அதற்குள் அல்லியம்மை மகளோடு தம்பியிடம் ஓடினாள். "நரி உன்னைத் தேடுகிறது. வாயைப் பிளந்துகொண்டு நிற்காதே, கிளம்பு. என் பொந்தில் இடம் இருக்கிறது."

"நீ ஏன் அக்கா இவ்வளவு தூரம்..."

"பேசாதே. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை."

வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். குறிஞ்சன் மருமகளை முதுகில் சுமந்தபடி, எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டே நடந்தான்.

உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது அவர்களுடைய உரிமை; அதில் பங்கு கேட்டுப் போகும் வெளியாள் மூக்குடைபட்டுத்தான் திரும்புவான்.