ஏற ஏறக் குறைந்த சூடு

"டீச்சர், இந்த டிஜிட்டல் டிப்ஸ்டிக் பிரயோஜனமா, இல்லையா?" என்று கேட்டார் செங்கோடன்.

"யோவ், வாங்கி மாட்டின பிறகு எதுக்குய்யா கேக்கறே?" என்றார் ஜெசிந்தா.

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று.

மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது ஜெசிந்தாவின் தொழில். கோபம் அவர் சுபாவம். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள். ஆத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த செங்கோடன் மட்டும் நிற்கவில்லை. இந்த மனுஷியிடம்தான் கற்றுக்கொள்வது என்று இருந்தார்.

கல்வராயன் மலை அடிவாரம். செங்கோடன் வண்டியருகே குனிந்து காட்டினார்.

என்ஜினில் எண்ணெய் ஊற்றும் துளைக்கு ஒரு திருகுமூடி. மூடியிலிருந்து ஒரு குச்சி எண்ணெய்க்குள் இறங்கியிருக்கும். வண்டியோடு வந்த குச்சியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இரண்டு கோடுகள் உண்டு. செங்கோடன் வாங்கியதில் கோடு இல்லை. மூடியின் தலையில் சின்னத் திரை. அதில் எண்ணெயின் சூடு எண்ணாகத் தெரியும்.

"எவ்வளவு வந்தா வண்டியை நிறுத்துவே?"

"நூத்தி முப்பது?"

"என்னைய ஏன்யா கேக்கறே?"

"நூத்தி முப்பது, டீச்சர்."

"போன வாரம் நூத்தி முப்பத்தாறுல டீக்கடை வரைக்கும் ஓட்டினியே."

"டீக்கடை பக்கத்துலதான இருந்துச்சு."

"அப்ப அது நகைய்யா. போட்டுக்கிட்டுத் திரி."

செங்கோடன் சிரித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"காலையில எண்ணெய் பாத்தியா?"

"பாத்தேன்."

கிளம்பினார்கள். செங்கோடன் முன்னால். ஜெசிந்தா பின்னால்.

பாதி மலையில், ஒரு வளைவைத் தாண்டி செங்கோடன் ஓரங்கட்டினார். முகமெல்லாம் பூரிப்பு. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க டீச்சர். கீழ நூத்திப் பதினெட்டு. இப்ப தொண்ணூத்தி ரெண்டு."

"ஏற ஏறக் குறையுதா?"

"மலைக்காத்து."

ஜெசிந்தா கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது.

"சத்தம் எதுவும் கேக்கலையா உனக்கு?"

"கடகடன்னு லேசா வந்துச்சு. நம்பர் நல்லா இருந்துச்சே, அதான் விட்டுட்டேன்."

ஜெசிந்தா என்ஜின் ஆறும்வரை தடுப்புச்சுவரைப் பார்த்து நின்றார். பிறகு துணியை வைத்து மூடியைத் திருகி எடுத்தார். குச்சியைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைத்தார்.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

குனிந்து பார்த்தார். அடியில், எண்ணெயை வடிக்கிற போல்ட் தளர்ந்திருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஈரம்.

"இது பொய் சொல்லலய்யா. காத்துல தொங்குது. காத்தோட சூட்டைச் சொல்லுது."

செங்கோடன் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில பாத்தேன்னியே?"

"பாத்தேன் டீச்சர். இதைத்தான் பாத்தேன்."

"எண்ணெய் இருக்கான்னு கேட்டேன்யா நான்!"

சுவர்மேல் இருந்த குரங்குகள் இறங்கி ஓடின.

"எண்ணெய் இல்லாம என்ஜின் இறுகி, வளைவுல பின்சக்கரம் பூட்டிக்கிட்டா எங்கய்யா போவே? உன் பின்னால நான் வர்றேன். என்னை எங்க அனுப்பறே? பள்ளத்துக்கா? எத்தனை தடவை சொன்னேன், வண்டி எடுக்கறதுக்கு முன்னால குச்சியை உருவிப் பாருன்னு. அறிவு வேணாமாய்யா ஒரு மனுஷனுக்கு?"

ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

செங்கோடனின் காது சிவந்தது.

"கத்தாதீங்க."

"என்ன?"

"கத்தாதீங்கன்னேன். எனக்குக் கல்யாண வயசுல மகள் இருக்கா. கடையில என் முன்னால ஒருத்தன் குரலை உசத்த மாட்டான். இங்க வந்து ரோட்டுல நின்னு வாங்கிக் கட்டிக்கறேன். இதை எதுக்கு வாங்கினேன் தெரியுமா?"

குச்சியை ஜெசிந்தாவின் கையிலிருந்து பிடுங்கினார்.

"இது கத்தாது. நூறுன்னா நூறுங்கும். யோவ்ங்காது. அறிவு இருக்கான்னு கேக்காது. உங்களைவிட இது எவ்வளவோ மேல்."

ஜீப் போய்விட்டது.

ஜெசிந்தா அவரைப் பார்த்தார்.

தன் வண்டிப் பையிலிருந்து ஸ்பானர் எடுத்துப் போல்ட்டை முறுக்கினார். கையைத் துடைத்தார். குச்சியைக் கேட்டு வாங்கி, அதன் இடத்தில் பொறுமையாகத் திருகினார். திரையில் பட்டிருந்த விரல் ரேகையையும் துடைத்துவிட்டார். பிறகு தள்ளிப்போய் போனில் பேசிவிட்டு வந்தார்.

"வண்டி ஏத்த ஆள் வருது. அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். நிழல்ல உக்காருங்க."

செங்கோடனுக்கு ஆத்திரம் தணிந்திருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இனி சரியாகிவிடும் என்று நினைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த மலை, டீச்சர்?"

"உங்க வசதி எப்படியோ, அப்படி வச்சுக்கலாம் சார்."

மெதுவான குரல். நெற்றியில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஜவுளிக்கடையில் வாங்க மனமில்லாமல் எழுந்து போகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

செங்கோடன் அருகே வந்தார்.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பரவாயில்ல சார்."

ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டினார். வண்டியில் ஏறினார்.

செங்கோடன் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், திட்டுங்க."

"எதுக்கு சார்?" என்றார் ஜெசிந்தா.