ராசா தலைவச்ச பாறை

“அந்த ராசா மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா…” எங்க பெரியப்பா பேச்சோட பேச்சா இப்படித்தான் ஆரம்பிப்பார். அப்புறம் என்னமோ சொல்லுவார், அது மறந்துபோச்சு. கதை மறக்கலை. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சொல்றேன்.

மலையடிவாரத்துல ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரு ராசா. அவருக்கு எல்லாம் இருந்துச்சு, தூக்கம் மட்டும் இல்லை. மெத்தையில படுத்தாலும் வராது, பாட்டுப் பாடச் சொன்னாலும் வராது, வைத்தியர் கொடுத்த கசாயத்தைக் குடிச்சாலும் வராது. இப்படி இருக்கையில வேட்டைக்குப் போனவர் மலையில வழி தப்பிட்டார். தன்னந்தனியா ஏறி ஏறிப் போனா, மேலே ஒரு புல்வெளி, நடுவுல ஒரு ஓடை, ஓடைக்கரையில ஒரு பாறை. களைச்சுப்போய் அதுல தலையை வச்சார். கண்ணைத் தொறந்தா விடிஞ்சிருக்கு. ஆமா, ராசா தூங்கிட்டார்.

சந்தோஷம் தாங்கலை. யாரா இருந்தாலும் சொல்லத்தானே தோணும்? கீழே வந்ததும் தண்டோராக்காரன் மாசானத்தைக் கூப்பிட்டார். ஊர்ல அவனை அரைப்பைத்தியம்பாங்க.

“மலைமேல அருமையான இடம் இருக்கு, எல்லாரும் வந்து பாருங்கன்னு அடிடா.”

அடிச்சான். கட்டுச்சோத்தோட ஊரே மலை ஏறிச்சு. நீங்க போன லீவுக்கு மலைக்குப் போறேன்னு போய், பாதிநாள் வண்டிக்குள்ளயே உக்காந்துட்டு வந்தீங்களே, அந்தக் கூட்டம். கூடாரத்துக்குக் கூடாரம் ஒட்டி நிக்குது, புல்லே தெரியலை. ராசாவும் யானை மேல ஏறி ஆள்படையோட வந்து அங்கயே கூடாரம் போட்டுப் படுத்தார், தூக்கம் வரலை.

“இனிமே யாரும் வரக்கூடாதுன்னு அடிடா.”

அடிச்சான். ‘வரக்கூடாதுங்கிற அளவுக்கு அங்க என்னதான் இருக்கு?’ன்னு பக்கத்து ஊர்க்காரங்களும் வந்துட்டாங்க. தூக்கம் வரலை.

“காவல் போட்டாச்சு, எல்லாரும் உடனே இறங்கணும்னு அடிடா.”

அடிச்சான். ஈட்டியும் தடியுமா காவல்காரங்க வந்து எல்லாரையும் விரட்டினாங்க. கடைசியா இறங்கினவ வெயிலாச்சின்னு ஒருத்தி, தோள்ல கைக்குழந்தை.

“பொறந்ததுல இருந்து கத்திக்கிட்டே கிடந்த பிள்ளை மகாராசா, இங்க வந்துதான் அசந்து தூங்கிச்சு. பரவாயில்லை, நீங்க தூங்குங்க, நல்லாத் தூங்குங்க”ன்னு சொல்லிட்டுப் போனா.

சரி, மலை காலி. ராசா ஆசையாத் தன் கூடாரத்துல போய்ப் படுத்தார். அப்பவும் தூக்கம் வரலை. விடிஞ்சதும் கோபமா எழுந்து, மாசானத்தைக் கூட்டிக்கிட்டு ஓடைக்கரைக்குப் போனார்.

அவர் தலைவச்ச பாறை கரிக்கட்டையா நிக்குது. “எவன்டா இதுல அடுப்பு மூட்டினது?”

“நான்தான் மகாராசா”ன்னு அரண்மனைச் சமையல்காரன் வந்தான். “உங்களுக்குப் பால் காய்ச்சினேன்.”

ஓடைத் தண்ணி சேறாக் கிடக்கு. “எவன்டா இதைக் கலக்கினது?”

“நம்ம யானைதான் மகாராசா”ன்னு பாகன் வந்தான். “உங்களை ஏத்திக்கிட்டு வந்த அலுப்புல உருண்டுடுச்சு.”

“சரி, ராத்திரி முழுக்க எவன்டா கத்தினது?”

காவல்காரங்க கைகட்டி நின்னாங்க. “நாங்கதான் மகாராசா. நீங்க தூங்குறீங்க, யாரும் சத்தம் போடாதீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டிருந்தோம்.”

மாசானம் பக்குனு சிரிச்சுட்டான்.

“என்னடா சிரிப்பு?”

“ஒண்ணுமில்லை எசமான். முதல்நாள் நீங்க தூங்கினப்போ இங்க எத்தனை பேர் இருந்தாங்க?”

“நான் ஒருத்தன்தான்.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்”னான் மாசானம்.

ராசா கரி பிடிச்ச பாறையை மேல்துண்டால துடைச்சுப் பார்த்தார். போகலை. அப்புறம் காவலைக் கலைச்சார், யானையை இறக்கச் சொன்னார், கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார்.

மாசானம் தண்டோராவைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கேட்டான், “இப்போ என்னன்னு அடிக்கணும் எசமான்?”

“தண்டோராவை இங்கயே வச்சுடு. வீடு வீடாப் போய் மெதுவாச் சொல்லு.”

“என்னன்னு சொல்ல?”

மலைக்கு ஒரு நேரத்துல ஒரு வீட்டுக்காரங்கதான் போகணும், முதல்ல வெயிலாச்சி வீடு, எல்லாருக்கும் கடைசியில அரண்மனைன்னு ராசா முடிவு பண்ணினார்.