உப்புக்காரி படியேறும் பாட்டு

“நான் பாட்டு எழுதறேன், வாத்தியாரம்மா. சனம் டீ குடிக்கப் போகுது.”

மருதப்பன் இதைச் சொன்னபோது அஞ்சுகம் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாடகக் கம்பெனிக்கு அவள்தான் பாட்டு வாத்தியார். அவரைவிடப் பத்து வயது இளையவள். அவரோ தமிழாசிரியர் வேலையை உதறிவிட்டு, நாடகத்துக்குப் பாட்டுக் கட்ட அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷமாகியும் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

“எந்தப் பாட்டு?”

“உப்புக்காரி பாட்டுதான்.”

புது நாடகத்தின் உயிரே அந்தக் கட்டம்தான். உப்பு வரி கட்டவில்லை என்று ஒருத்தியின் புருஷனைக் கோட்டையில் அடைத்துவிடுகிறார்கள். வரியாகக் கட்ட வேண்டிய உப்பைத் தலையில் சுமந்துகொண்டு, அவனை மீட்க அவள் மலைக்கோட்டைப் படியேறுகிறாள். ஏறிக்கொண்டே பாட வேண்டும்.

“முதலாளி என்ன சொல்றாரு?”

“சனிக்கிழமையும் ஆள் எழுந்து போனா பாட்டை எடுத்துடுவாராம். எழுதினவனையும் சேர்த்து.”

“பாடுங்க.”

மருதப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

“வானளாவும் வாயில் நோக்கி வருந்தியேகும் மங்கை நான்...”

“எங்கே உட்கார்ந்து எழுதினீங்க, புலவரே?”

“மேசையிலே.”

“மேசைக்கு நல்லா இருக்கு.”

அவள் சமையல்காரர் சங்கிலியைக் கூப்பிட்டாள். கல்லுப்பு அரை மூட்டை வந்தது. நாடகத்து மூட்டையில் இருப்பது வைக்கோல். இது அப்படியில்லை.

“தலையிலே ஏத்துங்க. சனம் உட்கார்ற அந்தக் காலரிப் படியிலே ஏறிக்கிட்டே பாடுங்க.”

மருதப்பன் ஏறினார். ‘வானளாவும்’ வந்தது. ‘வாயில் நோக்கி’ பாதி வந்தது. பிறகு இருமல் வந்தது.

“மங்கையைக் காணோமே?” என்றார் சங்கிலி.

“பின்னாடி வர்றா,” என்றாள் அஞ்சுகம்.

மறுநாள் மருதப்பன் பாட்டை மாற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் சின்னச் சொற்கள்.

“கால் நோக, கண் கலங்க, கல் படியில் நான் நடக்க...”

“மூச்சு வருது.”

“அப்போ சரிதானே?”

“தன் கண்ணு கலங்கறது அவளுக்கு எப்படித் தெரிஞ்சது? கையிலே கண்ணாடி வச்சிருக்காளா?”

அவருக்குக் கோபம் வந்தது. “வேற என்னதான் பாடுவா?”

“மூட்டையைத் தூக்குங்க.”

“பாடணுமா?”

“வேண்டாம். ஏறுங்க.”

ஏறினார். இறங்கச் சொன்னாள். இறங்கினார். மறுபடி ஏறச் சொன்னாள். வியர்வையில் உப்பு கரைந்து கழுத்தில் வழிந்தது. தோள் எரிந்தது. அவள் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவருக்குத் தமிழும் மறந்தது, மரியாதையும் மறந்தது.

“இன்னும் எம்புட்டுத் தூரம்தான்மா?” என்று கத்தினார்.

அஞ்சுகம் ஆர்மோனியத்தில் கை வைத்தாள். அவர் கத்தினது அப்படியே திரும்பி வந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம், கடைசியில் அதே இழுப்பு.

மருதப்பன் மூட்டையோடு நின்றார்.

“இதுவா பாட்டு?”

அவள் இன்னொரு தடவை வாசித்தாள்.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. உப்புக்காரி வேஷம் ரஞ்சிதத்துக்கு. அரங்கில் ஏறுமுன் மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஐயா, என்மேல என்ன கோபம் உங்களுக்கு? நெஜ உப்பு வச்சிருக்கீங்க!”

“ஏறிப் பாரு தாயி,” என்றார் மருதப்பன்.

ரஞ்சிதம் மேடையில் கட்டியிருந்த கோட்டைப் படியில் கால் வைத்தாள். வழக்கம்போல நாலைந்து பேர் டீக்கு எழுந்தார்கள்.

“இன்னும் எம்புட்டுத் தூரம், சாமி? வாசல் தெரியலையே...”

எழுந்தவர்கள் நின்றார்கள். அவர்கள் மறைத்தும் பின்வரிசை உட்காரச் சொல்லிக் கத்தவில்லை.

அவள் பேசாமல் ஏறினாள். ஆர்மோனியம் மட்டும் கூட ஏறியது.

“இன்னும் எம்புட்டுத் தூரம், சாமி?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது.

“வந்துட்டே தாயி! ஏறு!”

அவ்வளவுதான். கொட்டகை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ரஞ்சிதம் கேட்டாள், ஊர் பதில் சொன்னது. மேல்படிக்கு அவள் வந்து சேர்ந்தபோது கூரைத் தகரம் அதிர்ந்தது.

“ஒன்ஸ்மோர்!”

ஒன்ஸ்மோர் கேட்டால் பாடியே ஆக வேண்டும். அது கம்பெனி வழக்கம். ரஞ்சிதம் மூட்டையோடு கீழே இறங்கி வந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. மறுபடி முதல்படியில் கால் வைத்தாள். வெளியே கடையில் ஆளில்லாமல் போனதால் டீக்கடைக்காரரும் கரண்டியோடு உள்ளே வந்து நின்றுவிட்டார்.

திரைக்குப் பின்னால் முதலாளி ஓடி வந்தார்.

“புலவரே! அடிச்சுட்டீரய்யா! நோட்டீஸிலே இனிமே உம்ம பேருதான் மேலே!”

மருதப்பன் கும்பிட்டார்.

“ஒண்ணு மட்டும். பாட்டு ரொம்பச் சின்னதா இருக்கு. நாளைக்குள்ளே இன்னும் நாலு வரி சேர்த்துக் குடுத்துடும்.”

மருதப்பன் அஞ்சுகத்தைப் பார்த்தார். அவள் கை ஆர்மோனியக் கட்டைகளின் மேல் இருந்தது. அவள் திரும்பவில்லை.

“முடியாது, முதலாளி.”

“ஏன்யா? நேத்துவரைக்கும் பக்கம் பக்கமா எழுதின ஆளாச்சே!”

மருதப்பன் திரைச்சீலையை ஓரமாக விலக்கிக் காட்டினார். கொட்டகை எழுந்து நின்று, ஏறு தாயி, ஏறு என்று பாடிக்கொண்டிருந்தது.

“பாட்டுலே இடமில்லை,” என்றார். “ஆள் உட்கார்ந்திருக்கு.”