கீறல் விழாத மஞ்சள்

"கீறலே விழாத பெயின்ட் எதும்மா?" என்று கேட்டார் தர்மலிங்கம்.

பெயின்ட் பட்டறைக்காரி லூர்துமேரி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு ஸ்கூட்டர் மட்கார்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அடிக்கணுங்கண்ணா?"

"மலைச் சைக்கிள். என் மகளோடது."

"ஓட்டறதுக்கா, செவுத்துல மாட்டறதுக்கா?"

தர்மலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தால்கூட இவ்வளவு நேரம் யோசிக்கிற ஆள் இல்லை அவர்.

"ஓட்டத்தான்," என்றார் கடைசியில்.

"அப்படின்னா விழும்."

அவர் போய்விட்டார். மறுநாள் காலையில் திரும்ப வந்தார்.

*

தர்மலிங்கம் குன்னூரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஓட்டிய பஸ்ஸில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதைச் சொல்லாமல் அவரால் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்க முடியாது.

அப்படிப்பட்டவருக்கு ஆதிரை என்று ஒரு மகள். மேட்டைக் கண்டால் ஏறுவாள், பள்ளத்தைக் கண்டால் சைக்கிளோடு பாய்வாள்.

போன மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். இப்போது எலும்பு கூடிவிட்டது. தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"நாளைக்கே ஏறறேன்," என்றாள் ஆதிரை.

"ஃபிரேம் பூரா கீறலா இருக்கு," என்றார் தகப்பன். "பெயின்ட் அடிச்சுத் தரேன். அதுவரைக்கும் பொறு."

அவள் சைக்கிளைத் தானே கழற்றினாள். வெறும் ஃபிரேமை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு எந்தப் பெயின்ட்டும் பிடிக்கவில்லை.

*

லூர்துமேரி அவரைவிட வெகு இளையவள். அதிகம் பேசமாட்டாள். ஆனாலும் தர்மலிங்கம் தினமும் வந்து அவள் பட்டறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எதிர்க் கடையில் டீ போடுகிறவர், "குருவம்மாவுக்கு ஒண்ணு, சீடருக்கு ஒண்ணு," என்று சத்தமாகச் சொல்லியே டீ அனுப்பினார்.

"ஸ்ப்ரே அடிச்சா எப்படிம்மா?"

"பளபளன்னு இருக்கும். கல்லு பட்டா செதில் செதிலாப் பேரும்."

"பவுடர் கோட்டிங்?"

"பவுடரை ஒட்டவெச்சு அடுப்புல சுடறது. இரும்போட தோலாட்டம் பிடிச்சுக்கும். மலைக்கு அதுதான் தாங்கும்."

"சரி. பவுடருக்கு மேல ஸ்ப்ரே, அதுக்கு மேல ஒரு கண்ணாடிக் கோட், அதுக்கும் மேல பிளாஸ்டிக் உறை போட்டா?"

"அதுக்கும் மேல பீரோவுல வெச்சுப் பூட்டிருங்க."

தர்மலிங்கம் சிரிக்கவில்லை. பீரோ அளவு போதுமா என்று யோசிப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

*

ஒரு நாள் ஆதிரை போன் செய்தாள். பட்டறை முழுவதற்கும் கேட்கும்படி அவர் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். வயதானவர்கள் வழக்கம்.

"அப்பா, இந்த வாரமாவது ஆயிருமா?"

"கலர் முடிவாகலை கண்ணு."

"உங்க பஸ் கலரையே அடிங்கப்பா."

அவர் போனை அணைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மஞ்சளாம்மா," என்றார். "பனியிலயும் தூரத்துலேர்ந்து தெரியும்."

லூர்துமேரி ஃபிரேமை எடுத்துப்போய்ப் பழைய பெயின்ட்டைக் காற்றோடு மணல் பீய்ச்சி உரித்தாள். வெறும் இரும்பாக்கி அவர் மடியில் வைத்தாள். கையில் ஒரு டார்ச்சும் கொடுத்தாள்.

"பார்த்துக்குங்க."

பற்றவைத்த ஒவ்வொரு மூட்டிலும் அவர் விளக்கடித்துப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"வெடிப்பு எதுவும் இல்லை," என்றார்.

"இல்லீங்க."

"அவ காலுலயும் இப்ப இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பின்ன என்னங்கண்ணா?"

அவர் டார்ச்சை அணைத்தார். சூடு கண்ட பூனைக்கு அடுப்பு அணைந்துவிட்டது என்று சொல்லி என்ன பயன்?

*

லூர்துமேரி ஃபிரேமைக் கம்பியில் தொங்கவிட்டாள். ஹேண்டில்பார் இறங்கும் துளை, சீட்டுக் குழாயின் வாய், பெடல் அச்சு ஓடும் பொந்து எல்லாவற்றையும் ரப்பர் மூடிகளால் அடைத்தாள்.

"அங்கெல்லாம் பெயின்ட் ஏறாதாம்மா?"

"ஏறக் கூடாது."

"ஏன்?"

"ஓடற இடம்."

"துரு பிடிச்சுராதா?"

"கிரீஸ் வெப்போம்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. வெறும் இரும்பாக ஓர் இடத்தை விடுவதா? மழையில், சேற்றில், அந்த இடம் மட்டும் போர்வை இல்லாமல் கிடப்பதா? பொத்திப் பொத்தி வளர்த்தவர் அவர்.

லூர்துமேரி அடுப்பை மூட்டப் போனாள். தர்மலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் பவுடர் துப்பாக்கியோடு திரும்பினாள். ஃபிரேமைப் பார்த்தாள். புடைத்திருந்த அவர் சட்டைப் பையையும் பார்த்தாள்.

ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளும் புறமுமாக, ஓர் இடம் விடாமல் மஞ்சளை அடித்து அடுப்பில் ஏற்றினாள்.

*

ஃபிரேம் வெளியே வந்தபோது தர்மலிங்கம் கைகூப்பிவிட்டார். அவ்வளவு அழகு. எங்கும் ஒரு புள்ளி குறை இல்லை.

சூடு ஆறியதும் ஆதிரை மற்ற பாகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் லேசாகக் காலைத் தாங்கித்தான் நடந்தாள். ஃபிரேமைப் பார்த்ததும் தாங்கித் தாங்கியே விரைந்து வந்து தகப்பன் தோளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து பெடல் அச்சை மாட்டப் பார்த்தாள். மரை பிடிக்கவில்லை. ஹேண்டில்பாரை எடுத்தாள், இறங்கவில்லை. சீட்டுக் கம்பியும் இறங்கவில்லை.

"என்னக்கா இது? எல்லா ஓட்டையும் அடைஞ்சுகிடக்குது!"

லூர்துமேரி தர்மலிங்கத்தைப் பார்த்தாள்.

அவர் மெதுவாகச் சட்டைப் பையில் கைவிட்டு ரப்பர் மூடிகளை எடுத்து மகள் உள்ளங்கையில் வைத்தார்.

ஆதிரைக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் கோபப்படுவாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பயமாப்பா?"

"ஆமா கண்ணு. ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்கு," என்றாள் அவள். "ஆனா ஓட்டாம இருக்க முடியலையே."

அவர் லூர்துமேரி பக்கம் திரும்பினார். "நான் பிடுங்கினதை நீ பார்த்தேதானே?"

"பார்த்தேன்."

"தடுத்திருக்கக் கூடாதா?"

லூர்துமேரி மரை வெட்டும் கருவியையும், உருட்டிய உப்புத்தாளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

*

அவர் சுரண்டினார்.

அத்தனை நாள் தேடித் தேர்ந்த மஞ்சள் தூள் தூளாக அவர் வேட்டியில் கொட்டியது. ஆதிரை ஃபிரேமைப் பிடித்துக்கொண்டாள். ஒரு துளை முடிந்ததும் அவர் ஊதினார், விரலை விட்டுப் பார்த்தார், திரும்பவும் சுரண்டினார். வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் விரல் நுனியால் கிரீஸ் தடவினார். குழந்தைக்கு எண்ணெய் வைக்கும் விரல் அது. ஆதிரைக்கு அது தெரியும்.

அச்சை வைத்துத் திருப்பினார். மரை பிடித்துச் சுகமாக உள்ளே போயிற்று.

எல்லாம் மாட்டி முடித்து, ஆதிரை ஹெல்மெட்டை அணிந்தாள். அவர் வாரை இழுத்துப் பார்த்தார். மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"போயிட்டு வரேன்ப்பா."

பட்டறைக்குப் பின்னாலேயே தோட்டத்துச் சரிவு தொடங்குகிறது. அவள் முதல் தேயிலைப் பாத்தியைத் தாண்டி வளைவில் மறைந்தாள். கொஞ்ச நேரம் செடிகளுக்கு நடுவே மஞ்சள் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கீழே எங்கோ 'டங்' என்று புது ஃபிரேமில் கல் பட்ட சத்தம் கேட்டது.

லூர்துமேரி சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

தர்மலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு சரிவின் பக்கம் காதை வைத்து நின்றார். கீழே சங்கிலி பல் மாறி விழும் சத்தம் கேட்டது.

"கியரைச் சரியா மாத்தறா," என்றார்.