மழை பெய்தால் திறக்கும் மலைச்சிப்பி

அந்தக் காலத்தில் இந்தப் பனிமலை நிற்கும் இடத்தில் கடல்தான் கிடந்தது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம், நான் நிறுத்தப் போவதில்லை. அப்போது சிப்பியும் நண்டும் நம்மைப் போலவே பேசின.

கரையோரப் பாறையில் வெள்ளாயி என்றொரு சிப்பி இருந்தாள். அவளுடைய மூத்த மகளைப் பேய்க்கணவாய் மீன் தின்றுவிட்டது. தாயின் குரலிலேயே அது கூப்பிட, பிள்ளை ஏமாந்து ஓட்டைத் திறந்துவிட்டாள். அன்றைக்கே சிப்பிகள் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டன. கடல் இறங்கினால் ஓட்டை மூட வேண்டும். யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. தண்ணீர் ஏறி வந்து நனைத்தால்தான் திறக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் தரை அதிர்ந்தது. கடல் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. வெள்ளாயி சின்ன மகளைத் தன் ஓட்டுக்குள் இழுத்து இறுக மூடிக்கொண்டாள்.

பக்கத்து வளையில் இருந்த கோணையன் நண்டு ஓடி வந்து ஓட்டைத் தட்டினான்.

"வெள்ளாயி, திற. தரை மேலே போகுது, கடல் நம்மை விட்டுட்டுப் போகுது. புள்ளையை என் முதுகுல ஏத்து."

"அம்மா, கோணையன் மாமாதான்" என்றாள் மகள்.

"பேய்க்கணவாய்க்கு எல்லார் குரலும் வரும். பேசாம இரு." சொல்லிவிட்டு வெள்ளாயி ஓட்டை இன்னும் இறுக்கினாள்.

தட்டித் தட்டி நண்டின் கொடுக்கு ஒடிந்தது. அழுதுகொண்டே அவன் கடலைத் தேடி ஓடினான்.

தரை மலையாக எழுந்தது. சேறு மூடிப் பாறையாக இறுகியது. உள்ளே ஒரே இருட்டு.

"தண்ணி வந்துருச்சாம்மா?"

"இன்னும் இல்லடி."

எத்தனை காலம் அப்படிக் கேட்டாளோ, ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். தூங்குகிறாள் என்று வெள்ளாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பாள், பாவம்.

பிறகு மலையில் பெருமழை பெய்தது. பாறை இடுக்கில் இறங்கிய தண்ணீர் ஓட்டை நனைத்தது.

"எழுந்திருடி, கடல் வந்துருச்சு" என்று வெள்ளாயி முழுப் பலத்தோடு திறந்தாள். பாறை இரண்டாகப் பிளந்தது.

வெளியே கடல் இல்லை. வானமும் பனியும்தான் இருந்தன. மகளைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாகக் கிடந்தாள்.

அன்று முதல்தான் பெருமழை விட்ட மறுநாள் இந்த மலைப்பாறைகள் பிளந்து, வாய் திறந்த சிப்பிகள் வெளியே தெரிகின்றன. இங்கே ஆடு மேய்ப்பவர்கள் கல்லைக் கோலால் தட்டுவதில்லை, பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை; கேட்டால் உள்ளே இருக்கும் சிப்பிகள் பயந்து இன்னும் இறுக மூடிக்கொள்ளுமாம்.